"அம்மா எங்கே?" என்று குழந்தை கேட்டால்...

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. நாகை கடலோர ஊர்களில் சுனாமி புகுந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். பல குழந்தைகள் தாய் தந்தையை இழந்து தவித்தார்கள்.

இப்படித் தவிக்கும் குழந்தை, "அம்மா எங்கே?" என்று கேட்கும். "ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று சொல்லாதீர்கள். அது வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். "அம்மாவுக்கு என் மீது கோபமோ?" என்று ஏங்கும்.

மடியில் வைத்து உண்மையைச் சொல்லுங்கள். "அம்மா இறந்துவிட்டாள். இனி வரமாட்டாள். அது உன் குற்றம் அல்ல. நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும்.

படுக்கையை நனைத்தால் அடிக்காதீர்கள். அது குறும்பு அல்ல, பயம்.

வேளைக்குச் சோறு, பள்ளிக்கூடம், விளையாட்டு, பக்கத்தில் ஒரு துணை. இவைதான் மருந்து. பல வாரம் ஆகியும் பயம் தெளியாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.