அலையை ஆற்றும் காடு

சிதம்பரம் சென்று நடராஜப் பெருமானைத் தரிசித்தவர்கள் நம்மில் அநேகர். 'தில்லையம்பலம்' என்று வாய் நிறையச் சொல்கிறோம். ஆனால், தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர் என்பதும், அந்த மரம் இன்று எங்கே இருக்கிறது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் தில்லை வனம் இருந்ததாக ஐதிகம். இப்போது அங்கே இருப்பவை கடைகளும் வீடுகளும்தான். தில்லை மரத்தைக் கண்ணால் காண வேண்டுமானால், கடற்கரைப் பக்கமாகச் சுமார் 15 கிலோமீட்டர் பிரயாணம் செய்து பிச்சாவரம் போக வேண்டும். வாருங்கள், போய் வரலாம். குழந்தைகளை அழைத்துச் சென்றால் ஒரே ஓர் எச்சரிக்கை: தில்லை மரத்தின் பாலைத் தொட விடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து!

தண்ணீருக்குள் ஒரு வனம்

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இடங்களுக்கு நடுவே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் பரந்து கிடக்கிறது இந்தச் சதுப்பு வனம். 1975-ல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் புதிதல்ல. படகில் ஏறிக் கால்வாய்களுக்குள் புகுந்தால், இரு பக்கமும் மரங்கள் கூடாரம் போலக் கவிந்து நிற்கின்றன.

மேலே பார்த்தது போதும்; சற்றுக் கீழே பாருங்கள். சுரபுன்னை மரம் நாலா பக்கமும் வேர்களை ஊன்றிக் கொண்டு, ஊன்றுகோல்கள் பல பிடித்த கிழவரைப் போல நிற்கிறது. வெண்கண்டல் மரமோ, மூச்சு விடுவதற்காகப் பென்ஸில் பென்ஸிலாகத் தன் வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கிறது. சுரபுன்னையின் விதை கீழே விழுந்து முளைப்பதில்லை. தாய் மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, தனியே பிழைக்கும் தெம்பு வந்த பிறகே சேற்றில் விழுகிறது. பெற்றவளின் கரிசனம் மரத்துக்கும் உண்டு போலிருக்கிறது!

இக்காட்டுக்கு 'அலையாத்தி' என்று ஓர் அழகான பெயர் உண்டு. அலையை ஆற்றுவது என்று பொருள் கொள்ளலாம். கொதிக்கும் காப்பியை டவராவில் ஊற்றி நாம் ஆற்றுகிறோம் அல்லவா? அதுபோல, சீறி வரும் அலை ஆயிரமாயிரம் வேர்களில் மோதி மோதி வேகம் தணிகிறது. அலை கொண்டு வரும் வண்டல் வேர்களுக்கிடையே தங்குகிறது. கரை அரிபடுவதற்குப் பதிலாக மெல்ல மெல்ல உயர்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதியை மறக்க முடியுமா? சுனாமி என்ற சொல்லை நம் ஜனங்கள் கற்றுக் கொண்ட நாள் அது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 உயிர்கள் போயின. பிறகு கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்த விஞ்ஞானிகள், மரங்கள் அடர்ந்த இடங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். வேறு சில அறிஞர்கள் இதை மறுத்தார்கள். கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பவையே முக்கியம் என்பது அவர்கள் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு. எந்தக் காடும் பேரலையை அடியோடு நிறுத்தி விடாது. ஆனால் ஆண்டுதோறும் வரும் புயல் அலைகளையும் அன்றாட மண் அரிப்பையும் தணிப்பதில் இம்மரங்களுக்கு உள்ள சாமர்த்தியத்தை மறுப்பவர் இல்லை.

சுண்டிய ரசம்

இவ்வளவு நல்ல காட்டை நாம் எப்படி வைத்திருந்தோம்? பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கி, சுதந்திரம் வந்த பிறகும் பல ஆண்டுகள், பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டினார்கள். நிழல் போய் வெயில் பட்டதும் சேறு காய்ந்து, தரை தாம்பாளம் போலக் குழிந்தது. உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கியது. அடுப்பில் வைத்து மறந்த ரசம் சுண்டினால் என்ன ஆகும்? உப்புக் கரிக்கும். அங்கேயும் அதே கதைதான். அந்த உப்பில் எந்த மரமும் முளைக்கவில்லை.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத் துறையும் கிராமத்தாரைச் சேர்த்துக் கொண்டு பரிகாரம் தேடினார்கள். நடுவே ஒரு பெரிய கால்வாய். அதன் இரு பக்கமும் மீன் முள்ளைப் போலச் சிறு கால்வாய்கள். கடல் ஏறும்போது நீர் உள்ளே வரும். வடியும்போது வெளியே போகும். உப்புக் குறைந்தது. கால்வாய் ஓரங்களில் கன்றுகளை நட்டார்கள். வெறும் பொட்டலாகக் கிடந்த தரை பசுமை பெற்றது.

இதில் லாபம் கரைக்கு மட்டுமல்ல. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும் தொட்டில் இக்காடு. சேற்று நீரில் கையால் துழாவியே இறால் பிடித்துக் குடும்பம் நடத்தும் இருளர் பெண்களைக் கேட்டால், காட்டின் அருமை புரியும்.

சதுப்பு நிலம் எல்லா ஊரிலும் இல்லையே என்பீர்கள். வாஸ்தவம். மணற்கரைக்கு வேறு காவலர்கள் இருக்கிறார்கள். ஊதாப் பூப் பூக்கும் அடம்பங்கொடியும், முள் பந்து போல உருளும் ராவணன் மீசைப் புல்லும் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. அந்த மணல்மேடுதான் கடலுக்கும் ஊருக்கும் நடுவே இருக்கும் மதில். நாமோ அதைக் களை என்று பிடுங்குகிறோம். வீடு கட்டவும் பாதை போடவும் மேட்டையே சமமாக்கி விடுகிறோம்.

அடுத்த முறை ஆருத்திரா தரிசனத்துக்குப் போனால், ஒரு பகல் பொழுதை ஒதுக்கிப் பிச்சாவரமும் போய் வாருங்கள். கோயிலுக்குப் பெயர் தந்த மரம், கரைக்குக் காவலாக அங்கே நின்று கொண்டிருக்கிறது. அதற்கும் ஒரு கும்பிடு போட்டால் தவறில்லை.