வெட்டிவேரும் மலைநிலமும்

கட்டுமரமும் கறியும் கடல் கடந்து ஐரோப்பிய மொழிகளிற் குடிபுகுந்த வரலாறு பலரும் அறிந்ததே. அவ்வாறு சென்றும் நம்மவரால் அதிகம் எண்ணப்படாத சொல் ஒன்றுண்டு. அதுவே வெட்டிவேர். மண்ணை வெட்டி எடுக்கப்படும் வேராதலின் அப்பெயர் பெற்றது. பிரெஞ்சு மொழியார் ஓசை சிறிது திரித்து அதனையே வழங்கினர். தாவர நூலாரும் அச்சொல்லால் 'வெட்டிவேரியா' என ஒரு பேரினப் பெயர் வகுத்தனர். இக்காலத்தார் இப்புல்லைக் கிரைசோபோகன் என்னும் பேரினத்துள் அடக்குவர்.

1957ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்துக் கார்வன் நிறுவனமும், அதனைத் தொடர்ந்து கெர்லேன் நிறுவனமும், ஆடவர்க்கென ஆக்கிய நறுமண நீர்களுக்கு இப்பெயரையே சூட்டின. அம்மணம் மலரின் இனிமை அன்று. பசும்புல்லின் தண்மையும், மழை நனைத்த மண்ணின் வாசமும், மெல்லிய புகைமணமும் கலந்தது. உலர்ந்த வேரை நீராவியால் வடித்தெடுக்கும் நெய் விரைந்து ஆவியாகாது. எலுமிச்சை முதலியவற்றின் மணம் பறந்த பின்னும் அது நிலைத்து நிற்கும். எயிற்றியும் சாவகமும் இந்நெய்யை மிகுதியாக விளைவிக்கின்றன. நம் முன்னோரோ அவ்வேரைத் தண்ணீர்ப் பானையில் இட்டும், தட்டியாகப் பின்னி நீர் தெளித்தும் அம்மணத்தை நுகர்ந்தனர்.

சப்பிரகமுவ மலைச்சரிவுகளில் இப்புல்லுக்கு வேறொரு மாண்பு உண்டு. சிங்கள மக்கள் இதனைச் சவந்தரா என்பர். இதன் வேர் பக்கங்களிற் பரவாது மூன்று நான்கு மீற்றர் ஆழம் நேரே இறங்கவல்லது. ஆதலின் அயலில் நிற்கும் தேயிலைக்கு இடையூறு குறைவு. சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக நட்ட நிரை, ஓடிவரும் மழைநீரின் வேகத்தைத் தணித்து, அது கொணரும் வண்டலைத் தன் பின்னே தேக்கும். ஆண்டுகள் செல்ல அவ்விடம் படிக்கட்டுப் போலச் சமன்படும். கருநாடகத்துக் குண்டுலுப்பேட்டை உழவர் நெடுங்காலமாக இதனை வரப்பு வேலியாக வளர்த்தனர். 1980களில் உலக வங்கியினர் இம்முறையைப் பல நாடுகளிற் பரப்பினர்.

எனினும், இப்புல் எல்லா இடரையும் தீர்க்கும் என்றல் மிகையாகும். 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் மறைந்தும் போயினர். அத்துணை ஆழத்திற் பெயரும் மண்ணைப் புல்வேர் தாங்காது. அங்கே வேண்டுவன நீர்வடிகாலும், முன்னெச்சரிக்கையும், இடர்நிலத்தில் உள்ளாரைப் பெயர்த்துக் குடியமர்த்தலுமே. ஆண்டுதோறும் மேல்மண் அரித்துப்போவதைத் தடுப்பதே புல்லின் பணி. மேல்மண் போயின் தேயிலையின் வளம் போம். அவ்வளத்தை நம்பிக் கொழுந்து பறிப்பாரின் பிழைப்பும் போம்.

ஈண்டு ஒரு முரண் உளது. மணம் வேண்டுவோர் வேரை வெட்டல் வேண்டும். மண் வேண்டுவோர் வெட்டாது விடல் வேண்டும். நெய்க்கு விலையுண்டென்று சரிவு நிலத்தைக் கிளறின், அடுத்த மழையே அதற்குத் தண்டம் விதிக்கும். நெய்க்கு வேண்டும் வேரைச் சமநிலத்திற் பயிரிடுதலே அறிவுடைமை. மண்ணுள் மணி தேடி அகழ்ந்து பெயர்பெற்ற இரத்தினபுரியில், அகழாது விடுதற்குரிய செல்வமும் ஒன்றுண்டு என்பதை நாம் உணர்தல் நன்று.

தோட்டப் பாடசாலைகள் பல மேட்டிலும் சரிவிலும் அமைந்தவை. அவற்றின் விளிம்பில் மாணவர் ஒரு நிரை நடுவாராக. முற்றிய தூரைப் பிரித்த நாற்று அதற்குப் போதும். வெட்டிவேர் என்னும் சொல்லின் பொருளை ஆசிரியர் அந்நிரையின் அருகில் நின்று உரைப்பாராயின், அதனை ஏன் வெட்டலாகாது என்பதையும் உடன் உரைக்கலாம்.