உறைபனியும் காலிச் சாக்கும்

நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். அப்போது நம் கடைகளில் காலிச் சாக்குக் கேட்டு வருவோர் உண்டு. வீட்டு வாசலில் நிற்கும் ஹைட்ரேஞ்சியா செடிக்கும் அதுதான் போர்வை. வருபவருக்குச் சரியான யோசனை சொல்லத் தெரிந்திருப்பது நமக்கு நல்லது.

இச்செடியின் கோடைப் பூவுக்கான மொட்டு, குளிருக்கு முன்பே பழைய கிளையின் நுனியில் உருவாகிவிடும். பனி அதைக் கருக்கினாலும் செடி சாகாது, அடியிலிருந்து துளிர்க்கும். ஆனால் மே மாத சீசனில் இலைதான் இருக்கும், பூ இராது. குளிருக்கு முன் கவாத்து செய்தாலும் இதே நஷ்டம்தான். காய்ந்த பூங்கொத்தையும் விட்டுவைக்க வேண்டும். கீழேயுள்ள மொட்டுக்கு அது குடை.

மேகமும் காற்றும் இல்லாத இரவில்தான் உறைபனி கடுமையாக இருக்கும். அன்று வெயில் இருக்கும்போதே வேருக்குத் தண்ணீர் விட வேண்டும். ஈரமண் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் விடும். அடியில் நான்கு விரல் கனத்துக்குச் சருகு பரப்பலாம். நான்கு குச்சி நட்டு, இலையில் படாமல் மாலையில் சாக்கைப் போர்த்தி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். உதகை தாவரவியல் பூங்காவில் செடிகளை மிலார் தழையால் மூடுவதும் பனிக்காகத்தான்.

உப்புச் சாக்கும் உரச் சாக்கும் ஆகாது. பிளாஸ்டிக் தாள் ஒட்டிய இலை கருகும்.

இப்போது பிளாஸ்டிக் சாக்கே அதிகம் வருகிறது. ஆகவே சாக்கு வியாபாரிக்கு மொத்தமாகப் போடுமுன், சணல் சாக்கில் பத்தை ஒதுக்கி வைப்போம். கிடைக்கும் காசு சொற்பம். ஆனால் மே மாதம் பூவைப் பார்த்த வாடிக்கையாளர் நம் கடையை மறக்க மாட்டார்.