எம்.பி. வேலை எது, எம்.எல்.ஏ. வேலை எது?

"இந்த வாரம் இதைச் செய்தேன்" என்று எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ சொன்னால், அது அவர் கையில் உள்ள வேலைதானா என்று முதலில் பாருங்கள்.

நம்ம தீப்பெட்டியையே எடுத்துக்கொள்வோம். 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் வெளிநாட்டிலிருந்து வரக்கூடாது என்று 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டது. பிறகு உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றார்கள். அந்தப் பாகங்களுக்கும் 2024 அக்டோபரில் தடை வந்தது. இறக்குமதி மத்திய அரசு விஷயம். டெல்லியில் பேச வேண்டியவர் தூத்துக்குடி எம்.பி. பெட்டிக்கடையில் லைட்டர் இன்னும் தொங்குதா என்று அவருக்குச் சொல்ல, பெட்டி அடைக்கிற நம்மைவிட யார் இருக்கா?

ரேஷன் கடை, டவுன் பஸ் என்றால் எம்.எல்.ஏ.விடம் போங்கள். தெருக்குழாய்க்கு ஊராட்சி.

எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். பெரிசாத்தான் தெரியும், ஆனால் கோவில்பட்டியோடு சேர்த்து 6 சட்டமன்றத் தொகுதிக்கும் அதுதான். பணம் அவர் கைக்கு வராது. அவர் பரிந்துரை செய்வார், மாவட்ட நிர்வாகம் வேலையை நடத்தும். ஆகவே "தண்ணித்தொட்டி கட்டித் தர்றேன்" என்றால், பரிந்துரைக் கடிதம் போயாச்சா, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். சொன்ன பதிலைக் குழுவின் தீர்மான நோட்டில் அன்றைக்கே எழுதி வையுங்கள்.