டாக்டருக்குக் கூலி ஒரு மூட்டை சோள மாவு! குடிசையில் பிறந்து கோடீஸ்வரி ஆன பாடகி

பிரசவம் பார்க்க வந்த டாக்டருக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை. வீட்டில் இருந்த சோள மாவில் ஒரு மூட்டையைக் கொடுத்து அனுப்பினார் அந்த ஏழை விவசாயி.

அன்று பிறந்த பெண் குழந்தைதான் அமெரிக்காவின் புகழ் பெற்ற பாடகி டாலி பார்ட்டன்!

1946 ஜனவரி 19-ந்தேதி டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில் பிறந்தார். ஒற்றை அறைக் குடிசை. மொத்தம் 12 பிள்ளைகள். டாலி 4-வது. கரண்டு கிடையாது. அப்பா ராபர்ட் லீ புகையிலை பயிரிட்டவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டு அம்மா ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். ஆசையாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார் டாலி. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்த அவமானத்தையே பின்னாளில் பாட்டாக எழுதினார். 1971-ல் ரிக்கார்டாக வந்து சக்கைப்போடு போட்டது!

1964-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. மறுநாளே பஸ் ஏறிவிட்டார், "கண்ட்ரி" என்னும் கிராமிய இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கு.

எல்விஸ் கேட்டும் மறுப்பு

"ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" என்ற அவரது பாட்டு 1974-ல் வெளிவந்தது. ராக் மன்னன் எல்விஸ் பிரஸ்லி அதைப் பாட ஆசைப்பட்டார். யாருக்குக் கிடைக்கும் இந்த யோகம்? ஆனால் எல்விசின் மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். பாட்டின் உரிமையில் பாதியை எழுதித் தர வேண்டுமாம்!

டாலி மசியவில்லை. "முடியாது" என்று சொல்லிவிட்டு, ராத்திரி முழுக்க அழுதார்.

1992-ல் "தி பாடிகார்டு" படத்துக்காக அதே பாட்டை விட்னி ஹூஸ்டன் பாடினார். 14 வாரம் முதலிடம்! பணம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. முழு உரிமையும் டாலியிடம்தானே இருந்தது!

அப்பாவுக்காக

படிக்கத் தெரியாத அப்பாவை நினைத்து 1995-ல் ஒரு திட்டம் தொடங்கினார். பிறந்தது முதல் 5 வயது வரை குழந்தைகளுக்கு மாதம் ஒரு புத்தகம், தபாலில், இலவசம். சொந்த ஜில்லாவில் தொடங்கியது, வெளிநாடுகளுக்கும் பரவி, 20 கோடி புத்தகங்களைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் டாலியைப் "புத்தக அம்மா" என்று கூப்பிட்டதில் அப்பாவுக்கு ஏகப் பெருமை.

சொந்த ஊரான செவியர்வில்லில், கோர்ட்டு வாசலில், 1987-ல் டாலிக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். சிலை என்றால் புறா எச்சம் போடாமல் இருக்குமா? ராத்திரியில் யாரோ வந்து கழுவிவிட்டுப் போனார்கள்.

அது யார் என்று 2000-ல் அப்பா இறந்த பிறகுதான் டாலிக்குத் தெரிந்தது. வண்டியில் சோப்புத் தண்ணீர் வாளியை வைத்துக்கொண்டு, ஊர் அடங்கியபின் வந்து தேய்த்தது அந்தப் பெரியவர்தான்!