உங்களுக்குத் தெரியுமா? டிஸ்க் சுற்றி வரும்வரை காத்திருந்த டேட்டாபேஸ்

நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு காலத்தில் சர்வர் அறைகளின் ராஜா. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 4 மில்லி விநாடி. டேட்டாபேஸ் கேட்ட பதிவு படிக்கும் முனைக்கு அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று. முனை சரியான தடத்துக்கு நகர மேலும் 3, 4 மில்லி விநாடி. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் பதிவுகளில் விநாடிக்குச் சுமார் 200 கிடைத்தாலே பெரிது.

இதைச் சமாளிக்கப் பெரிய நிறுவனங்கள் டிஸ்க்குகளை நூற்றுக்கணக்கில் அடுக்கின. சிலர் வெளி விளிம்புத் தடங்களை மட்டும் பயன்படுத்தி, மீதி இடத்தைக் காலியாகவே விட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய இடம்! முனை நகரும் தூரமாவது குறையட்டும் என்றுதான்.

தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தில் சுழலும் பாகமே கிடையாது. எந்தப் பதிவும் ஏறத்தாழ 0.1 மில்லி விநாடியில் கைக்கு வரும். 2009இல் ஆரக்கிள் தன் எக்ஸாடேட்டா என்ற டேட்டாபேஸ் இயந்திரத்தில் ஃபிளாஷைச் சேர்த்தது.

ஒரு சிக்கல் உண்டு. ஃபிளாஷில் எழுதியதன் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் ஒரு பிளாக் முழுவதையும், அதாவது ஒரு பெரிய பகுதியையே, அழித்தாக வேண்டும், அழிக்க அழிக்க அது தேயும். ஆகவே மென்பொருளும் மாறியது. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2012இல் தொடங்கிய ராக்ஸ்டிபி என்ற சேமிப்பு மென்பொருள், சின்னச் சின்ன மாற்றங்களைச் சேர்த்துவைத்து, வரிசைப்படுத்தி, மொத்தமாக எழுதுகிறது. அதை மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுடன் இணைத்தபோது, அந்நிறுவனத்தின் முதன்மை டேட்டாபேஸ் பிடித்த இடம் ஏறக்குறைய பாதியானது.