தொப்பூர் நாய்க்குட்டியின் தந்தை யார்?

ஸ்ரீநகரில் துவங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தருமபுரியைக் கடந்து சேலத்தை நோக்கி இறங்குகின்ற தொப்பூர்க் கணவாய், லாரி ஓட்டுநர்களுக்குப் பயத்தையும், அந்தப் பயம் தெளிய ஒரு டம்ளர் தேநீரையும் ஒருங்கே வழங்கி வரும் ஸ்தலமாகும். இத்தகைய சாலையோரக் கடையொன்றின் வாசலில் பிறந்து, பரோட்டாத் துணுக்குகளில் வளரும் நாய்க்குட்டியை யாரேனும் ஆசையுடன் கையில் எடுத்தால், "இது என்ன கிராஸுங்க?" என்ற கேள்வி முதலிலும், "எவ்வளவு பெரிசா வளரும்?" என்பது அடுத்தும் தவறாமல் எழும். காது நிமிர்ந்திருந்தால் அல்சேஷன் என்றும், தொங்கினால் லேப் என்றும், கறுப்பு உடலில் புருவத்தின்மேல் பழுப்புப் பொட்டு இருந்தால் டாபர்மேன் என்றும் அருகிலிருப்போர் விடையளித்து விடுவார்கள். தாய் அங்கேயே படுத்திருக்கிறாள். தந்தையோ யூகத்துக்கு விடப்பட்டவன்.

இந்த யூகத்தின் அடிப்படையிலேயே ஒரு பிழை இருக்கிறது. நிமிர்ந்த காது, மேல்நோக்கிச் சுருண்ட வால், மணல் நிற ரோமம், கறுத்த மூக்கு ஆகிய லட்சணங்கள் எல்லாம் நம் நாட்டு நாய்க்கு இயல்பாகவே உரியவை. அவற்றை அளிக்க அந்நிய தேசத்திலிருந்து ஒரு தகப்பன் வரவேண்டிய அவசியமில்லை. இன்று விலைகொடுத்து வாங்கப்படும் மேனாட்டு ஜாதிகளில் பெரும்பாலானவை, 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியதையொட்டிய காலத்தில், காட்சிப் போட்டிகளுக்காக வரையறுத்து வளர்க்கப்பட்டவை. கிராமத்து நாய்களின் பரம்பரையோ அவற்றினும் மிகப் பழையது. 38 நாடுகளின் கிராம நாய்களைப் பரிசோதித்து 2015-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி ஒன்றில் இந்திய நாய்களும் இடம்பெற்றன. ஐரோப்பிய ஜாதிகள் கலந்து சிதறிய மிச்சம் என்று அவற்றை எல்லாம் ஒதுக்க முடியாதென்றும், பல பிரதேசங்களில் அவை அந்தந்த மண்ணுக்கே உரிய தொன்மையான கூட்டங்கள் என்றும் அது காட்டிற்று. ஆதலால் தொப்பூர்க் குட்டியைப் பார்த்து "என்ன கலப்பு?" என்று வினவுமுன், கலப்பு இருக்கிறதா என்று வினவுவதே முறை.

இங்கே ஒரு பழைய விருத்தாந்தம் நினைவுக்கு வருகிறது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பிரதேசத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரனுடன், கள்வர் இருவரைக் கடித்துத் துணைநின்ற கோவிவன் என்ற நாயும் அதில் உருவமும் பெயரும் பெற்றிருக்கிறது. கல் வெட்டியவர்கள் நாயின் பெயரையும் செயலையும் பொறித்தார்களே ஒழிய, ஜாதியைச் சொல்லவில்லை!

கலப்பே நிகழாது என்று நான் சாதிக்க வரவில்லை. பெங்களூர் சில மணி நேரப் பிரயாணத்தில் இருக்கிறது. வளர்ப்பு நாய்கள் தெருவுக்கு வராமலும் இல்லை. நம்முடைய ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றின் ரத்தமும் எங்கும் பரவக்கூடியதே. அன்றியும், ஒரே பருவத்தில் பெண் நாய் பல ஆண்களுடன் சேருமாதலின், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருப்பது முற்றிலும் சாத்தியம். ஆனால் அந்தத் தந்தையைக் கண்ணால் கண்டுபிடிக்கும் வித்தைதான் நம்பத் தகாதது. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பாசஞ்சி ஜாதியையும் காக்கர் ஸ்பானியல் ஜாதியையும் இணைத்துப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 1965-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள்; அதில் கண்ட கலப்புக் குட்டிகள் பலவற்றைப் பார்ப்பவர், அவற்றின் பாட்டன் பாட்டியை ஒருகாலும் ஊகித்திருக்க மாட்டார். 2009-இல் கலிபோர்னியாவில் விக்டோரியா வாய்த் என்ற கால்நடை விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 20 நாய்களைப் பரிசோதித்தபோது, காப்பகத்தார் பார்த்துச் சொன்ன ஜாதிக்கும் மரபணு காட்டிய ஜாதிக்கும் பெரும்பாலானவற்றில் பொருத்தமே இல்லை.

காரணம் எளிது. ரோமத்தின் நீளம், நிறம், காலின் குட்டை ஆகியவற்றை ஒரு சில மரபணுக்களே நிர்ணயிக்கின்றன. அவை பல ஜாதிகளுக்குப் பொது. குட்டை ரோமமுடைய தாயும் தந்தையும் நீள் ரோமத்துக்குரிய மரபணுவை மறைவாகச் சுமந்திருந்தால், அவர்களுடைய குட்டிகளில் நான்கில் ஒன்று சடை ரோமத்துடன் பிறக்கக்கூடும். உடனே ஊரார் பொமரேனியன் மீது பழி போடுவார்கள்.

எச்சிலைக் கொண்டு செய்யும் மரபணுச் சோதனையும் தன் சேமிப்பிலுள்ள ஜாதிகளோடுதான் ஒப்பிட்டுச் சொல்லும். நம் நாட்டு நாய்களின் மாதிரி அதில் இல்லையானால், எங்கோ உள்ள ஜாதிகளின் பெயர்களைப் பங்கு பங்காக அடுக்கி ஒரு பட்டியல் வரும். அதைப் பயபக்தியுடன் சட்டமிட்டு மாட்ட வேண்டியதில்லை.

இனி, எவ்வளவு வளரும் என்ற கேள்வி. இதற்குத் தந்தையின் பெயர் தெரியவேண்டுவதில்லை என்பதே சந்தோஷமான செய்தி. "பாதம் பெரிசு, நாயும் பெரிசாகும்" என்பதில் சிறிது உண்மை இருப்பினும், அது அளவுகோல் அன்று. உடலளவை நிர்ணயிக்கும் மரபணுக்களில் முக்கியமான ஒன்றை நேதன் சட்டர், எலைன் ஆஸ்ட்ராண்டர் முதலியோர் 2007-இல் கண்டறிந்தனர். ஆயினும் வேறு பல மரபணுக்களும் சேர்ந்தே அளவைத் தீர்மானிப்பதால், கலப்புக் குட்டி பெரும்பாலும் இரு பெற்றோருக்கும் இடைப்பட்ட ஓர் அளவில் நிற்கும். எனவே தாயைப் பாருங்கள். கூடுமானால் நிறுத்துப் பாருங்கள். அப்புறம் தராசுதான் சாஸ்திரம். நடுத்தர அளவுள்ள நாய் நான்காம் மாத முடிவில் தன் முழு எடையில் ஏறக்குறைய பாதியை அடைகிறது. சிறிய ஜாதிகள் சற்று முன்பாகவும், பெரியவை ஐந்தாம் மாத அளவிலும் இந்தப் பாதியைத் தொடுகின்றன. நான்கு மாதக் குட்டி 8 கிலோ இருந்தால், 16 அல்லது 17 கிலோவுக்குள் அது வளர்ந்து நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். எடையை வயதின் வாரங்களால் வகுத்து 52-ஆல் பெருக்கும் கணக்கு ஒன்று உலவுகிறது. நான்கு மாதத்தை 16 வாரமாகக் கொண்டால், அதன்படி இதே குட்டி 26 கிலோ ஆகவேண்டும். வருஷம் முழுதும் ஒரே வேகத்தில் வளர்கிறது என்று பாவிக்கும் அந்தக் கணக்கு, முதற்பாதியில் வேகமாகவும் பிற்பாதியில் மந்தமாகவும் நிகழும் இயற்கையை அறியாதது.

வயதே தெரியாத குட்டியானால் பல்லைப் பாருங்கள். மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் 28 பாற்பற்கள் முளைக்கின்றன. ஏறத்தாழ நான்காம் மாதத்தில் முன்பற்கள் மாறத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் வந்துவிடுகின்றன. சாலையோரக் குட்டிகளின் எடை மட்டும் ஒரு வஞ்சனை செய்யும்: குடற்புழு நிறைந்த வயிறு ஊதியும், விலா எலும்பு தெரிந்தும் இருக்கும் குட்டி, பூச்சி மருந்தும் நல்ல தீனியும் பெற்ற சில வாரங்களில் மளமளவென்று தேறுமாதலால், அதன் முதல் எடையை வைத்துக் கணக்கிடலாகாது.

சுபாவத்தையும் ஜாதியிலிருந்து கணிக்க முயல்வோருக்கு ஒரு செய்தி: 18,000-க்கு மேற்பட்ட நாய்களைக் கொண்டு 2022-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு நாய்க்கும் இன்னொன்றுக்கும் இடையிலுள்ள குண வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தை மட்டுமே ஜாதி விளக்குகிறது.

தொப்பூரிலோ வேறெங்கோ குட்டியொன்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல எண்ணுகிறவர், கிராஸ் விசாரணையை ஒத்திவைத்துவிட்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அதை எடுத்துச் சென்று பூச்சி மருந்து கொடுப்பித்து, மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவித்து, அன்றைய எடையை ஒரு நோட்டில் குறித்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.